அத்தாவின் வீட்டுப்பெயர்கள்

போன மாதம் ஆசுபத்திரியிலிருந்து ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வளர்ச்சிக் குழுவில் உறுப்பினராம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கையேடு அச்சடிக்கிறார்களாம். மலையாளத்தில் எல்லாம் தயார், தமிழில் ஒரு பக்கம் வேண்டுமாம். ‘வரலாறும் வசதிகளும்’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். எல்லையோரத்தில் தமிழ் டீச்சர் என்றால் நோட்டீஸ், நிக்காஹ் பத்திரிகை, பஞ்சாயத்து அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஓசியில் கிடைக்கிற ஆள் என்று நினைப்பு. மறுக்கவும் முடியாது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன். நாலு வாரம் ஆயிற்று, நாலு வரிக்கு மேல் நகரவில்லை.

அவர் விட்டுப்போன குறிப்பில் வரலாறு ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதலில் ஓட்டுக்கூரை போட்ட டிஸ்பென்சரி. யாரோ ஒரு ஜன்மி, அந்தக் காலத்துப் பெரிய நிலக்காரர், இடம் கொடுத்தார். பிறகு தாலுக்கா ஆசுபத்திரி ஆயிற்று, அதற்குப் பிறகு ஜெனரல் ஆசுபத்திரி ஆயிற்று. ஒவ்வொரு முறை பதவி உயரும்போதும் ஒரு கட்டடம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடிக்கல்லுக்கு ஒரு கல்வெட்டு, திறப்புவிழாவுக்கு ஒரு கல்வெட்டு. பழையதை இடிக்கவும் இல்லை, புதியதைப் பழையதோடு சேர்க்கவும் இல்லை. லேப் ஓட்டுக் கட்டடத்திலேயே நின்றுவிட்டது. சர்ஜரி வார்டு புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே தகரம் வேய்ந்த நடைபாதை; அதில் இரண்டு தகரம் காணோம். இதை வரலாற்றில் சேர்ப்பதா வசதியில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

எந்த ஆசுபத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களில் சிலர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். அதுவுமல்லாமல், நான் சொல்லவந்ததில் அவர்கள் குற்றம் கொஞ்சம்தான்.

கேரளத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு அடுத்து வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்கு அது கஷ்டமே இல்லை. அவர்களுடைய வீடுகளுக்குப் பெயர் உண்டு. தாத்தா காலத்திலிருந்து ஒரே பெயர். எங்களுக்கு வீடு உண்டு, பெயர் கிடையாது. நாங்கள் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கடை வைத்துப் பிழைக்கிற தமிழ் முஸ்லிம்கள். வேலந்தாவளம் சந்தையில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கயிற்றுக்கடை. மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்து மணி, சாட்டை எல்லாம் விற்பார். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது வீட்டுப்பெயர் கேட்டார்கள். அத்தா சொன்ன பதில் இன்னும் எங்கள் வீட்டில் பிரசித்தம்.

“நம்முளுது ஊடுங்க. அதுக்கெதுக்குங்க பேரு?”

ஆனால் கட்டம் காலியாக இருந்தால் கிளார்க் விடமாட்டார். அதனால் அத்தா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யார் கேட்டாலும் அந்த நேரத்தில் எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லிவிடுவார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர், கரண்டு பில்லில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் பெயர். ஊரில் நாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு வீட்டுப்பெயர் இருக்கும். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாப்பிடுவார்கள்.

எங்களிடம் புழங்குகிற ஆண் பெயர்களும் மிஞ்சிப்போனால் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அத்தாவின் பெயரை ஆசுபத்திரி வாசலில் நின்று கூப்பிட்டால் எந்த நாளிலும் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த வீட்டுப்பெயர் ஒன்றுதான். ஆசுபத்திரியில் கார்டும் கொடுக்கிறார்கள். அதில் ஒரு நம்பர் இருக்கும், அதைக் காட்டினால் எந்தப் பெயரும் வேண்டாம். அத்தா அந்தக் கார்டை ஒவ்வொரு முறையும் தொலைப்பார். தேடுவதைவிடப் புதிதாக எடுப்பது சுலபம் என்பது அவர் கட்சி. போன் நம்பர் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் நம்பரைச் சொல்வார். தன் நம்பருக்குத் தான் ஏன் கூப்பிடவேண்டும், அதனால் அது தெரியாதாம்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. சந்தையில் ஒரு எருமை அவருடைய வலது கால் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மிதித்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், அவர் படுத்திருந்த பாயில் எறும்பு வரிசை போவதைப் பார்த்து அம்மா போர்வையை விலக்கினார். வரிசை அந்த விரல்களில் போய் முடிந்தது.

அம்மா எனக்குப் போன் செய்தார். கோயமுத்தூர் கூட்டிப்போகலாம் என்றேன். எல்லை தாண்டினால் ஒரு மணி நேரம், மொழிக் குழப்பமும் இல்லை. அத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

“அங்க போனா கால வெட்டிப்போடுவாங்க. நம்மூரு ஆசுபத்திரில அப்புடியெல்லாம் செய்யமாட்டாங்க.”

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நானே அவரை ஓ.பி.க்கு அழைத்துப்போனேன். கவுண்டரில் கூட்டம். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் அவர் நின்றார். சீட்டு எடுத்தோம். டாக்டர் பார்த்தார். டிரஸ்ஸிங் ரூமில் புண்ணைக் கழுவிச் சீழை ஒரு குச்சியில் தொட்டுக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று அதில்தான் தெரியும். நாலாம் நாள் ரிசல்ட்டோடு வரச்சொன்னார்கள். அதுவரைக்கும் பொதுவான மாத்திரை.

நாலாம் நாள் சந்தை நாள். நான் பள்ளியில் இருந்தேன். அத்தா ஆசுபத்திரிக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். அவர் சந்தைக்குப் போயிருந்தார். கட்டுப் போட்ட காலோடு சாயங்காலம்வரை நின்று வியாபாரம் பார்த்திருக்கிறார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளுக்கு மறுநாள் காய்ச்சலில் நடுங்கியபோதுதான் சொன்னார்கள். ஓ.பி. சீட்டு எங்கே என்று கேட்டேன். சட்டைப்பையில் இருந்ததாம். சட்டையை அம்மா நனைத்துத் துவைத்துவிட்டாராம்.

“நான் என்ன கண்டேன்? பையில காயிதம் இருக்குன்னு இவரு சொன்னாரா?” என்று அம்மா என்மேல் பாய்ந்தார்.

காஷுவாலிட்டிக்கு அம்மாதான் ஆம்புலன்ஸில் கூடப் போனார். நான் போய்ச்சேர்வதற்குள் அட்மிஷன் முடிந்திருந்தது. அம்மா சொன்ன வீட்டுப்பெயர் கயிற்றுக்கடை. மூன்றாம் மாடியில் கட்டில் கிடைத்தது. எனக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு பாஸ் கொடுத்தார்கள். நோயாளிக்குக் கூட இருப்பவருக்கு இங்கே பைஸ்டாண்டர் என்று பெயர். சும்மா நிற்பவர் என்று அர்த்தமாம். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் ஒரு நிமிடம் சும்மா நின்றதில்லை.

சர்ஜன் சின்ன வயதுக்காரர். காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அரைத் தமிழில் சொன்னார்.

“ரெண்டு விரல் எடுக்கணும் டீச்சர். இப்போ அது மதி, போதும். இன்ஃபெக்‌ஷன் மேலே கேறாம இருக்கணும். முன்பு கல்ச்சர் எடுத்ததா?”

“எல்லாம் எடுத்தாச்சுங்க டாக்டர்” என்றார் அத்தா, தானே எடுத்துக் கொடுத்ததுபோல.

ரிசல்ட் வந்தால் சரியான ஊசி போடலாம். சரியான ஊசி விழுந்தால் இரண்டு விரலோடு போகும். அவ்வளவுதான் விஷயம். அந்த ரிசல்ட் ஏற்கெனவே தயாராகி லேபில் இருக்கவேண்டும். அதை வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

இனி வசதிகள். லிஃப்ட் உண்டு, கட்டிலில் வருகிற நோயாளிக்கு மட்டும். நியாயம்தான். மூன்று மாடி இறங்கி, தகரம் இல்லாத இடத்தில் நனைந்து, லேப் ஜன்னலுக்குப் போனால் வரிசை. ரிசல்ட் கொடுக்க ஒரு ஜன்னல், சாம்பிள் வாங்க ஒரு ஜன்னல். இரண்டுக்கும் முன்னால் ஒரே வரிசை. எது எந்த வரிசை என்று பக்கத்தில் வந்தால்தான் தெரியும். என் முறை வந்தபோது ஜன்னலில் இருந்த பெண் அத்தா பெயரையும் கயிற்றுக்கடை என்பதையும் தட்டிப் பார்த்தார்.

“அங்ஙனெ ஒரு கல்ச்சர் இவிடெ இல்லல்லோ டீச்சரே.”

அப்படி ஒரு கல்ச்சர் இல்லையாம், அந்தப் பெயரில் அட்மிஷன் மட்டும்தான் இருக்கிறதாம். வேறு வீட்டுப்பெயர் இருக்குமா என்று கேட்டார். வெறும் பெயரைத் தட்டச்சொன்னேன். தட்டினார், ஸ்கிரீன் நிறைய வரிசை வரிசையாக வந்து விழுந்தது. எல்லாரும் அத்தாக்கள். வயது? ஆதாரில் ஒன்று, அத்தா சொல்வது வேறு. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் விலகினேன்.

மூன்று மாடி ஏறி அத்தாவிடம் கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன்.

“இந்த ஆசுபத்திரில என்னென்ன வீட்டுப்பேரு சொல்லியிருக்கீங்க? யோசிச்சுச் சொல்லுங்கத்தா.”

“பாய் ஊடுன்னு ஒருக்கா சொன்னேன். எல்லாரும் பாய்னுதான கூப்படறாங்க.”

இறங்கினேன். இல்லை. ஏறினேன். பள்ளிவாசல் தெரு என்றார். இறங்கினேன். அதில் ஒரு அத்தா இருந்தார். போன வருடம் கண் பார்க்க வந்தவர். எங்கள் அத்தாதான், கண் மட்டும்தான். ஏறினேன். புளியமரத்து வீடு என்றார். அந்தப் புளியமரத்தை வெட்டி என் வயதைவிட அதிக வருடம் ஆகிறது; அந்தப் பெயரிலும் யாரும் இல்லை. பழைய வீட்டுக்காரரின் வீட்டுப்பெயரையும் சொன்னார். அது கௌரவமான பேராக இருந்ததாம். அதிலும் ஒரு அத்தா இருந்தார், சர்க்கரை கிளினிக்கில். ஒரே மனிதர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மூன்று குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தார். கல்ச்சர் மட்டும் எவரிடமும் இல்லை.

“ஒரு பேர வெச்சுக்கிட்டு ஒழுங்கா இருக்கக் கூடாதா?” என்று வார்டில் எல்லாரும் கேட்கக் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அத்தா காய்ச்சலில் சிவந்த கண்ணோடு கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“அவங்க கேக்கறாங்க, நான் சொல்றேன். சும்மா போக முடியுமா கண்ணு?”

டாக்டர் காத்திருக்கவில்லை. புதிதாக ஒரு கல்ச்சர் அனுப்பினார். அதற்கு மூன்று நாள் ஆகும். அதுவரை பொதுவான ஊசி. இரண்டு விரலை எடுத்தார்கள். மறுநாள் பாதத்தின் நடுவே கருப்பு வந்தது. மத்தியானம் இளைஞர் சங்கத்தார் வார்டு வார்டாகப் பொதிச்சோறு கொடுத்தார்கள். வாழையிலையில் சுடச்சுடச் சோறும் குழம்பும். அந்த ஆசுபத்திரியில் யாரையும் பெயர் கேட்காமல் கிடைத்தது அது ஒன்றுதான். அத்தா நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வேறு வேலையாக லேபுக்குப் போனேன். மறுபடியும் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தால் ரத்தம் தேவைப்படலாம் என்று என்னுடைய ரத்தத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதே பெண். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். வீட்டுப்பெயர் கேட்டார்.

“கிழக்கேகளம்.”

என் கணவர் வீட்டில் எந்தக் காலத்திலோ யாரோ வைத்துக்கொண்ட பெயர் அது. கல்யாணமாகி இருபது வருடமாக எல்லாப் படிவத்திலும் நான் அதைத்தான் எழுதுகிறேன். யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும், வாய் தானாகச் சொல்லும்.

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தினார். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். கிழக்கேகளத்தில் என் பெயருக்கு மேலே அத்தாவின் பெயர் இருந்தது. வயது சரியாக இருந்தது. போன் நம்பர் என்னுடையது. வலது கால், சீழ், கல்ச்சர். ரிசல்ட் தயார். நாங்கள் அட்மிட் ஆவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தயார்.

அன்றைக்குக் கவுண்டரில் அத்தா பதில் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில், அவசரத்தில், என் வீட்டுப்பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதாகவே என் ஞாபகத்தில் இருந்தது. எப்போதும் அவர்தானே சொல்வார்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன். டாக்டர் வாங்கிப் பார்த்து உடனே ஊசியை மாற்றி எழுதினார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் காலைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியிருக்கும் என்றார். முன்பே இந்த ரிசல்ட் கையில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன்.

“பறயான் பற்றில்ல டீச்சர். சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.”

அவர் நல்ல மனிதர். அந்தப் பதில்தான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

எங்களில் உடம்பிலிருந்து எடுத்த எதையும் எறிவதில்லை; அடக்கம் செய்யவேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே சிஸ்டரிடம் சொல்லிவைத்தோம். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. தியேட்டர் வாசலில் என் தம்பி கையெழுத்துப் போட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. அவன் மட்டும் ஆட்டோவில் கொண்டுபோனான். பள்ளிவாசலில் அத்தாவின் பெயரைச் சொல்லிக் குழி வெட்டக் கேட்டிருக்கிறான். முழு விவரம் சொல்வதற்குள் ஒருவர் ஓடிப்போய் ஊரில் சொல்லிவிட்டார். நாலு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, மையித்தை எப்போது எடுக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா விளக்குமாற்றைத் தூக்காத குறை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அத்தா தெளிந்து பேசினார். வந்தவர்கள் கதையைச் சொன்னேன். கட்டில் ஆடும்படி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“எங்க வெச்சான்?”

“உங்கத்தா கபுருக்குப் பக்கத்துல.”

“நடுவுல வெச்சிருக்கப் போறான். மீதி நான் வர்றதுக்கு எடம் வேணுமல்ல?”

எனக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் பாத்துத்தாங்க்கா ஓரமா வெச்சேன்” என்றான். அவனும் அதை யோசித்திருக்கிறான். எல்லாரும் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள், நான் மட்டும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். திரும்பி வந்து, இடம் இருக்கிறதாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். இனிமேலும் சொல்லாமலிருந்தால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

“அத்தா, அந்த ரிசல்ட் கிடைக்காமப் போனதுக்கு நீங்க காரணம் இல்ல. மொத நாள் கவுண்டர்ல என் வீட்டுப்பேர நான்தான் குடுத்துட்டேன். அத மறந்துபோயிட்டு உங்களப் போட்டுக் கத்தினேன்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. போர்வை சமமாகப் படிந்துகிடந்த இடத்தை ஒருமுறை தடவிப்பார்த்தார்.

“தெரியுமே. உந்தோளப் புடிச்சுக்கிட்டுத்தான நின்னேன்.”

“தெரியுமா? அப்பறம் ஏன் சொல்லல? எத்தன தடவ கேட்டேன்.”

“நான் என்னென்ன பேரு சொன்னேன்னுதான கண்ணு நீ கேட்ட?”

சந்தையில் அவர் வியாபாரம் செய்கிற விதம் அதுதான். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“அதுமில்லாம, அன்னிக்கு அந்தக் கூட்டத்துல என்னை உன் ஊட்டு ஆளுன்னு எழுதிக் குடுத்த. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”